பன்னிரண்டாம் நம்பர் குறட்டை

எங்கள் வீட்டில் எந்தச் சத்தத்துக்கும் பாதுகாப்பு கிடையாது. தும்மினால் போச்சு. இருமினால் போச்சு. கையிலிருந்து ஒரு ஸ்பூன் நழுவி விழுந்தால், நான் குனிந்து எடுப்பதற்குள் அண்ணன் போனை நீட்டிக்கொண்டு வந்து நிற்பான்.

"இன்னொரு தடவை போடேன்" என்பான்.

"எதை?"

"ஸ்பூனைத்தான். இந்தத் தடவை கொஞ்சம் மேலேருந்து போடு."

அண்ணன் பாட்டு செய்கிறான். அவன் பாடுவதில்லை, எந்த வாத்தியமும் வாசிப்பதில்லை, செய்கிறான். எங்கேயாவது கேட்கும் சத்தத்தைப் பதிவு செய்து, அதில் ஒரு துண்டை மட்டும் வெட்டி எடுப்பான். அதைக் கம்ப்யூட்டரில் வரிசையாக ஒட்டி, திரும்பத் திரும்ப வரவைப்பான். அந்தத் துண்டுக்குப் பெயர் சாம்பிள். இப்போது நிறையப் பேர் இப்படித்தான் பாட்டு செய்கிறார்களாம். மற்றவர்கள் பழைய பாட்டுகளிலிருந்து துண்டு எடுப்பார்களாம். எங்கள் வீட்டில் இருப்பவன் எங்களிடமிருந்து எடுக்கிறான்.

போன மாதம் என்னை எடுத்துவிட்டான். எங்கள் வீட்டில் இரண்டே அறைகள். உள்ளறையில் நான் வீட்டுப்பாடம் எழுதுவேன். அண்ணன் உள்ளே வருவான், வெளியே போவான், கதவை மட்டும் சாத்தவே மாட்டான். "கதவைச் சாத்து" என்று நான் தினமும் கத்துவேன். அந்தக் கத்தலை எனக்கே தெரியாமல் பதிவு செய்து, நடுவில் டமடமவென்று எதையோ சேர்த்து, பாட்டாக்கி நண்பர்களுக்கு அனுப்பிவிட்டான். இரண்டே நாளில் அது பள்ளிக்கூடம் முழுக்கப் பரவிவிட்டது. நான் வகுப்புக்குள் கால் வைத்தால் பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல், "கதவைச் சாத்து" என்று. தண்ணீர்க் குழாய்க்குப் போனாலும் அதேதான். அங்கே கதவே கிடையாது.

"என்னைக் கேக்காம என் குரலை எதுக்கு எடுத்தே?" என்று சண்டைக்குப் போனேன்.

"நீ சொன்னது காத்துல போச்சு. காத்துல போனது எல்லாருக்கும் பொது."

"அப்ப நீ வாசல்ல கழட்டிப் போட்ட செருப்பும் பொதுவா?"

"செருப்பு காத்துலயா போகுது?"

இவனிடம் பேசுவதற்குச் சுவரோடு பேசலாம். சுவராவது பதிவு செய்யாது.

அம்மா முன்னறை ஜன்னலோரம் உட்கார்ந்து திரைச்சீலைகள் தைத்துக் கொடுப்பார். "ரெண்டு பேரும் கொஞ்சம் வாயை மூடறீங்களா? தையல் கோணலாப் போகுது" என்று அதட்டிவிட்டு மெஷினை ஓட்டுவார். அண்ணன் அந்த மெஷின் சத்தத்தையும் பதிவு செய்வான்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். அப்பாவின் குறட்டையில் கை வைத்தானே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

அப்பா பன்னிரண்டாம் நம்பர் பஸ்ஸின் டிரைவர். அந்த பஸ்ஸில் கண்டக்டர் கிடையாது. ஓட்டுவதும் அவர்தான், டிக்கெட் கொடுப்பதும் அவர்தான். "பஸ்ஸுல இல்லாத கண்டக்டர் எங்க வீட்ல இருக்கா" என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். அது நான்தான். எல்லோரையும் விரட்டுகிறேனாம். இந்த வீட்டில் விரட்டாமல் எந்த வேலை நடக்கிறது, சொல்லுங்கள்.

அப்பா விடியும் முன்பே வேலைக்குப் போய், மதியம் திரும்புவார். சாப்பிட்டுவிட்டு முன்னறை சோபாவில் படுப்பார். தலை சாயவேண்டியதுதான் தாமதம், குறட்டை ஆரம்பித்துவிடும். முதலில் கனமாக ஓர் இழுப்பு. பிறகு சின்ன இடைவெளி. கடைசியில் மூக்கு நுனியிலிருந்து மெல்லிய விசில். அலமாரியில் இருக்கும் கண்ணாடி டம்ளர்கள்கூட லேசாக அதிரும்.

ஆனால் அப்பாவிடம் கேட்டால், அவர் குறட்டையே விடுவதில்லை.

"நானா? குறட்டையா?" என்பார். "எனக்குத் தூக்கமே கோழித் தூக்கம். ஒரு ஊசி விழுந்தா எழுந்துடுவேன்."

"ஊசி என்ன, நேத்து நான் கத்தரிக்கோலையே கீழ போட்டேன். நீங்க அசையல" என்பார் அம்மா.

"அது நான் சும்மா கண்ணை மூடிட்டுப் படுத்திருந்தேன்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறீர்கள் அல்லவா? அதை நேரில் பார்க்க வேண்டுமென்றால் எங்கள் வீட்டுக்கு வாருங்கள்.

பரீட்சை முடிந்து விடுமுறை விட்டிருந்தார்கள். ஒரு நாள் அண்ணன் அப்பாவின் பஸ்ஸில் ஏறிக் கடைசி நிறுத்தம் வரை போய்த் திரும்பி வந்தான். மறுநாள் முழுக்கக் காதில் ஹெட்போனோடு கம்ப்யூட்டர் முன் குனிந்தே கிடந்தான். சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, ஹெட்போனை என் காதில் மாட்டினான்.

முதலில் பஸ் இன்ஜின். சிக்னலில் நிற்கும்போது தடதடவென்று ஓடுமே, அந்தச் சத்தம். அதுதான் தாளம். அதன் மேல் கனமாக ஓர் இழுப்பு, இடைவெளி, விசில். மறுபடியும் இழுப்பு, இடைவெளி, விசில்.

"இது அப்பா குறட்டை" என்றேன்.

"நல்லா இருக்குல்ல?"

நன்றாகத்தான் இருந்தது. அதுதான் எனக்கு எரிச்சல். கால் தானாகத் தாளம் போட்டது. நான் அதை மேஜைக்கடியில் மறைத்துக்கொண்டேன்.

திரையில் பாட்டுக்கான படமும் தயாராக இருந்தது. அப்பாவின் பஸ், முன் பக்கம், நம்பர் பளிச்சென்று தெரிகிறது. பாட்டுக்குப் பெயர் 'பன்னிரண்டாம் நம்பர் தூக்கம்'.

"அப்பாகிட்ட கேட்டியா?"

"எதுக்குக் கேக்கணும்? அவர்தான் குறட்டையே விடறதில்லையே. இல்லாத சத்தத்துக்கு யார்கிட்ட அனுமதி வாங்கறது?"

"அண்ணா, வேணாம். முதல்ல கேளு."

"சரி, சரி, கண்டக்டரம்மா" என்றான். அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு முன்பே பாட்டை எல்லோருக்கும் அனுப்பிவிட்டான். நான் ஊதிய சங்கு வழக்கம்போலச் செவிடன் காதில்தான்.

பாட்டு பரவியது. அண்ணனின் நண்பன் ஒருவன் எப்போதும் தோளில் ஸ்பீக்கரைத் தொங்கவிட்டுக்கொண்டு திரிவான். அவனுக்குப் பட்டப்பெயரே ஸ்பீக்கர்தான். அவன் தெருத்தெருவாக அதைப் போட்டுக்கொண்டு போனான். பெயர் தெரியாத ஆட்களெல்லாம் அதைக் கேட்டார்கள். அண்ணன் தரையில் நடக்கவில்லை.

அடுத்த வாரம் ஒரு நாள், காலையில் சாப்பிட்ட தட்டுகளைக்கூட இன்னும் கழுவவில்லை, அப்பா வாசலில் வந்து நின்றார்.

"என்னங்க, இந்நேரத்துக்கே? உடம்பு சரியில்லையா?" என்று அம்மா மெஷினை நிறுத்தினார்.

அப்பா சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தார். சாப்பாட்டுப் பையை மடியிலேயே வைத்திருந்தார். அதைத் திறந்த மாதிரியே தெரியவில்லை.

"வண்டியை வாங்கிக்கிட்டாங்க" என்றார்.

"யாரு? எதுக்கு?"

"ஒரு பெரியவர் டிப்போவுக்கு நேர்லயே வந்திருக்காரு. பக்கத்து சீட்டுப் பையன் போன்ல ஒரு பாட்டு ஓடிச்சாம். படத்துல நம்ம வண்டி. இன்ஜின் ஓடுதாம், கூடவே யாரோ குறட்டை விடறாங்களாம். 'சிக்னல்ல வண்டி நிக்கறப்போ உங்க டிரைவர் தூங்கறாரு, அதைப் பதிவு பண்ணி எவனோ பாட்டே போட்டுட்டான், என் பேரப் பிள்ளைங்க அந்த வண்டியிலதான் போறாங்க'ன்னு சொல்லியிருக்காரு. அவரைக் குத்தம் சொல்ல முடியாது. நானா இருந்தாலும் போய்ச் சொல்லியிருப்பேன்."

அம்மா என்னைப் பார்த்தார். நான் உள்ளறைக் கதவைப் பார்த்தேன்.

"விசாரிச்சு முடிக்கற வரைக்கும் ஸ்டியரிங்ல கை வைக்கக் கூடாதாம்" என்றார் அப்பா. "நாளைக்கு மேனேஜர் கூப்பிட்டிருக்காரு. நான் தூங்கினேன்னு முடிவாச்சுன்னா, அப்புறம் வண்டி கழுவற வேலைதான். இத்தனை வருஷத்துல ஓட்டறப்போ ஒரு நொடி கண் அசந்தது கிடையாது. சிக்னல்லகூட கண்ணாடியில பின்னாடி பாத்துக்கிட்டே இருப்பேன். என்னைப் போய்…"

திறக்காத சாப்பாட்டுப் பையை அம்மாவிடம் நீட்டினார். அப்பாவை இப்படி நான் பார்த்ததே இல்லை.

உள்ளே போனேன். அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டான். முகம் வெளிறிப்போய்ச் சுவரோரம் நின்றான்.

"போய்ச் சொல்லு" என்றேன்.

"எப்படிச் சொல்றது?"

"வாயாலதான்."

"பாட்டை அழிச்சிடறேன். அழிச்சா எல்லாம் சரியாயிடும்."

"ஊரெல்லாம் போனதை எப்படி அழிப்பே? நீ அழிச்சிட்டுப் பேசாம இருந்தா, யாரோ பஸ்ஸுல எடுத்ததுன்னே ஆயிடும். அப்பா தூங்கினார்ங்கற பேர் அவருக்கு நிலைச்சிடும். இது வீட்ல எடுத்ததுன்னு சொல்ல இந்த உலகத்துலயே நீ ஒருத்தன்தான் இருக்கே. நட."

நடந்தான். அப்பாவின் முன்னால் போய் நின்று, தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னான். இன்ஜின் சத்தம் பஸ்ஸில் எடுத்தது, குறட்டை இதே சோபாவில் எடுத்தது, இரண்டையும் நான்தான் ஒன்றாகச் சேர்த்தேன் என்று. சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டான்.

அப்பா ஒரு பெருமூச்சு விட்டு எழுவார், "அப்பாடா, விஷயம் இவ்வளவுதானா" என்பார் என்று நினைத்தேன். நான் எங்கள் அப்பாவைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை.

"என் குறட்டையா?" என்றார். "நான் எங்கடா குறட்டை விடறேன்?"

அண்ணன் அழுகையை நிறுத்திவிட்டான். போனில் போட்டுக் காட்டினான். அப்பா தலையைச் சாய்த்துக் கவனமாகக் கேட்டார்.

"இது யாரோ மரம் அறுக்கற சத்தம்."

"அப்பா, இது நீங்க."

"கம்ப்யூட்டர்ல என்ன வேணா பண்ணலாம். நாளைக்கு மேனேஜர்கிட்ட உள்ளதைச் சொல்லப்போறேன். எனக்குக் குறட்டைங்கற பழக்கமே கிடையாதுன்னு."

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். நானும் வைத்துக்கொண்டேன். மகன் செய்த வேலைக்கு அப்பா வேலையை இழக்கப்போகிறார், அதைத் தடுக்கலாம் என்று பார்த்தால், அப்பாவே குறுக்கே படுத்துக்கொள்கிறார். இப்படி ஒரு குடும்பத்தை வைத்துக்கொண்டு நான் என்னதான் செய்வது?

அன்று மதியம் அப்பா படுக்கவில்லை. சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தபடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் காலை நாங்கள் நால்வரும் டிப்போவுக்குப் போனோம். "நீங்கல்லாம் எதுக்கு?" என்று அப்பா கேட்டார். "சும்மா" என்றார் அம்மா. அண்ணன் பாட்டு செய்யும் லேப்டாப்பை நான் எடுத்துக்கொண்டேன். அண்ணனை நம்பிக் கொடுத்தால் பஸ்ஸிலேயே வைத்துவிட்டு இறங்குவான்.

மேலாளரின் அறையில் ஒரு மேஜை, பாதி குடித்த தேநீர், சுவர் முழுக்கச் சாவிகள். ஒவ்வொரு கொக்கியிலும் ஒரு வண்டியின் எண். பன்னிரண்டாம் எண் கொக்கி காலியாக இருந்தது. வேறு யாரோ வண்டியை எடுத்துப்போயிருக்கிறார்கள். அப்பா உள்ளே வந்ததிலிருந்து அந்தக் கொக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேலாளர் கடுகடுப்பான ஆள் இல்லை. களைத்துப்போன ஆள். "பாட்டு பூரா தூங்கிக்கிட்டே எவனும் வண்டி ஓட்ட முடியாதுன்னு எனக்கும் தெரியும்" என்றார். "ஆனா சிக்னல்ல நின்னப்போ தூங்கினாரான்னு கேக்கறாங்க. அது என்ன சத்தம்னு தெரியாம நான் எப்படி வண்டியைக் குடுக்கறது? நீங்களே சொல்லுங்க, அந்தக் குறட்டை யாரோடது?"

"எனக்குத் தெரியாது சார். நான் குறட்டையே விடமாட்டேன்" என்றார் அப்பா.

மேலாளர் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதோ பாருங்க. ஓய்வறையில உங்க பக்கத்துக் கட்டில்ல படுக்க ஒரு ஆளும் வரமாட்டேங்கறான். டிப்போவுக்கே தெரிஞ்ச விஷயம் இது. இதையே இல்லன்னு சாதிச்சீங்கன்னா, சிக்னல்ல தூங்கலன்னு நீங்க சொல்றதை மட்டும் நான் எப்படி நம்பறது?"

அப்பா காலியான கொக்கியின் பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மா கூரையைப் பார்த்தார்.

அண்ணன் முன்னால் வந்து, நேற்று வீட்டில் சொன்னதை எல்லாம் திரும்பச் சொன்னான். மேலாளர் பொறுமையாகக் கேட்டார்.

"நல்ல பையன்" என்றார். "அப்பாவைக் காப்பாத்த எந்தப் பையனும் இப்படித்தான் சொல்லுவான்."

இனி நான் சும்மா இருந்தால் காரியம் கெட்டுவிடும் என்று தெரிந்துபோயிற்று. லேப்டாப்பை மேஜையில் வைத்துத் திறந்தேன்.

"சார், முதல்ல பாட்டைக் கேளுங்க. குறட்டையை மட்டும் கவனிங்க" என்றேன். "ஒவ்வொரு தடவையும் விசில் முடியற இடத்துல ஒரு சின்ன 'க்ளக்' வருது பாருங்க."

அவர் கேட்டார். மேஜையில் விரலால் தட்டிக்கொண்டே கேட்டார். "ஆமா. ஒவ்வொரு தடவையும் வருது."

"தூங்கறவங்க ஒரு குறட்டை மாதிரியே இன்னொரு குறட்டை விடுவாங்களா? இது ஒரே ஒரு குறட்டை. அதை வெட்டி ஒட்டி ஒட்டி வெச்சிருக்கான். எங்க அம்மா திரைச்சீலையில ஒரே பூவைத் திரும்பத் திரும்பத் தைக்கற மாதிரி. அண்ணா, ரெண்டு பதிவையும் தனித்தனியா வை. நீ வெட்டறதுக்கு முன்னாடி இருந்ததை."

அண்ணன் முதலில் குறட்டையை மட்டும் வைத்தான். இழுப்பு, இடைவெளி, விசில். அதன் பின்னால் கடகடவென்று தையல் மெஷின். பிறகு அம்மாவின் குரல்: "இந்த மனுஷன் போடற சத்தத்துல ஊசியில நூல் கோக்க முடியல. கை நடுங்குது."

அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. மேலாளர் அவரைப் பார்த்தார்.

"உங்க குரல்தானா?"

"ஆமாங்க" என்றார் அம்மா. "பஸ்ஸுல நான் தையல் மெஷின் வெச்சு ஓட்டறதில்லங்க."

மேலாளர் சிரிப்பை அடக்குவதற்காகத் தேநீரை எடுத்துக் குடித்தார். "சரி. பஸ்ஸுல எடுத்ததைப் போடு."

அண்ணன் போட்டான். இன்ஜின் தடதடத்தது. கதவு திறக்கும் சத்தம். பிறகு அப்பாவின் குரல், தெளிவாக: "மெதுவா ஏறுங்கம்மா. நான் எங்கேயும் ஓடிப் போயிட மாட்டேன். கம்பியைப் பிடிச்சீங்களா?" கொஞ்சம் தள்ளி, "தம்பி, முதல்ல உக்காரு. நீ உக்காந்துட்டேன்னு சொன்னாதான் வண்டியை எடுப்பேன்." ஒரு சின்னப் பையன், "உக்காந்துட்டேன்" என்று கத்தினான். இன்ஜின் சத்தம் மாறியது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் அப்பாவின் குரல் இருந்தது. ஒவ்வொரு சிக்னலிலும் இருந்தது. ஒரு சிக்னலில் யாருக்கோ மருந்துக் கடைக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார்.

"இதெல்லாம் பாட்டுல வரவே இல்லையே?" என்றார் மேலாளர்.

"பேச்சு வந்தா தாளம் கெட்டுடும்னு நான்தான் வெட்டிட்டேன்" என்றான் அண்ணன். அவன் குரல் எழும்பவே இல்லை.

மேலாளர் கடைசி நிறுத்தம் வரை முழுவதையும் கேட்டார். கேட்டு முடித்ததும் அப்பாவின் பக்கம் திரும்பினார்.

"வண்டியில நீங்க தூங்கலன்னு தெரிஞ்சுபோச்சு. இதை நான் அந்தப் பெரியவருக்கும் போட்டுக் காட்டறேன். ஆனா அவர் முதல்ல கேக்கப்போறது ஒண்ணுதான். அந்தக் குறட்டை யாரோடதுன்னு. 'என்னோடதுதான், வீட்ல விட்டது'ன்னு நீங்க உங்க வாயால சொல்லிட்டா விஷயம் இதோட முடிஞ்சுது."

எல்லோரும் அப்பாவைப் பார்த்தோம். இரண்டே வார்த்தைகள். 'என்னோடதுதான் சார்' என்றால் பஸ் திரும்பி வந்துவிடும். அப்பாவோ சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பொத்தானைப் பிய்த்தே எறிந்திருப்பேன்.

"அது எப்படி சார்" என்றார் கடைசியில், மிகவும் தாழ்ந்த குரலில். "எங்க வீடு ரெண்டே ரூம். நான் அவ்வளவு சத்தம் போட்டா, இவங்க மூணு பேரும் எப்படி இருந்திருப்பாங்க? இவ தைக்கணும். பசங்க படிக்கணும். இத்தனை வருஷம் தினமும் இவங்களை நான் இம்சை பண்ணியிருக்கேன்னு ஆயிடும்."

என் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. இதற்காகத்தானா இவ்வளவு நாளும் சாதித்தார்? எவ்வளவு கிண்டல் செய்திருக்கிறோம். ஒரு நாளாவது அவரை உட்காரவைத்து, ஏன் என்று யாராவது கேட்டோமா? கண்டக்டர் என்று பெயர் வாங்கிய நானும் கேட்கவில்லை.

"அப்பா" என்றேன். "நேத்து மதியம் நீங்க தூங்கல. ராத்திரியும் தூங்கல. வீட்ல ஒரு சத்தமும் இல்ல. நான் புரண்டு புரண்டு படுத்தேன், எனக்குத் தூக்கமே வரல. அண்ணனும் முழிச்சுக்கிட்டுதான் இருந்தான். அம்மா எழுந்து எழுந்து உங்களை வந்து பாத்துட்டுப் போனாங்க. நீங்க குறட்டை விட்டாதான்பா எங்களுக்கு வீடு மாதிரி இருக்கு."

அப்பா அம்மாவைப் பார்த்தார்.

"நிஜமாவா?"

"நூல் கோக்கறப்போ மட்டும் கொஞ்சம் கஷ்டம்" என்றார் அம்மா. "மத்தபடி அது இல்லன்னா எனக்கும் கை ஓடல."

அப்பா பொத்தானை விட்டார். மேலாளரைப் பார்த்து நேராக நின்றார்.

"என் குறட்டைதான் சார். வீட்ல விட்டது."

மேலாளர் எழுந்து அப்பாவுக்குக் கை கொடுத்தார். "நாளைக்குக் காலையில வந்து சாவியை வாங்கிக்குங்க" என்றார். பிறகு அண்ணனைப் பார்த்தார். "தம்பி, அந்தப் படத்தை இன்னிக்கே எடுத்துடு. குறட்டை எங்க எடுத்ததுன்னு எல்லாருக்கும் எழுதிப் போடு. வண்டி என் வண்டி, டிரைவர் என் டிரைவர். எங்க ரெண்டு பேர்ல ஒருத்தரையாவது கேட்டியா நீ?"

அண்ணன் இல்லை என்று தலையை ஆட்டினான். இந்தத் தடவை காற்று, பொது என்று எதுவும் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது அப்பாவுக்குக் கோபம் மெதுவாக வந்து சேர்ந்தது. பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தோம்.

"ஏன்டா, என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருந்தா, நான் குறட்டையே விடறதில்லன்னு சொல்லியிருப்பீங்கப்பா."

அப்பா பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார். "அதுவும் சரிதான்" என்றார். "ஆனாலும் கேட்டிருக்கணும்."

அண்ணன் அன்றே படத்தை எடுத்தான். 'இது என் அப்பாவின் குறட்டை, எங்கள் வீட்டு சோபாவில் அவருக்குத் தெரியாமல் நான் எடுத்தது, அவர் பஸ்ஸில் தூங்கவே இல்லை' என்று எழுதினான். ஸ்பீக்கரை வீட்டுக்கு வரவழைத்து, தெருத்தெருவாகப் போய் அதையும் சொல்லும்படி அனுப்பினேன். முணுமுணுத்துக்கொண்டே போனான்.

மறுநாளிலிருந்து எங்கள் வீட்டுக்கு வேறு மாதிரி தொல்லை வந்தது. அண்ணன் இப்போது எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்கிறான். அம்மா கொட்டாவி விட வாயைத் திறந்தால், "அம்மா, இதை எடுத்துக்கட்டுமா?" என்று குறுக்கே வந்து நிற்கிறான். அவன் கேட்டு முடிப்பதற்குள் கொட்டாவி முடிந்துவிடுகிறது. "இன்னொண்ணு விடுங்களேன்" என்று கெஞ்சுகிறான். இதற்கு அவன் திருடிக்கொண்டே இருந்திருக்கலாம் என்றுகூடச் சில சமயம் தோன்றும்.

அந்த வாரக் கடைசியில் அப்பா வேலை முடிந்து வந்து, சாப்பிட்டு, கை கழுவி, கண்ணாடி முன் நின்று தலை வாரினார். பிறகு சோபாவில் படுத்தார்.

"டேய், இங்க வா" என்று அண்ணனைக் கூப்பிட்டார். "அந்தப் பழைய குறட்டை சரியில்ல. நடுவுல இழுவையா இருக்கு. இப்ப நல்லா சாப்பிட்டிருக்கேன். புதுசா எடுத்துக்கோ."

"தூங்கறதுக்கு எதுக்குங்க தலை வாரினீங்க?" என்றார் அம்மா.

"பதிவு பண்றாங்கல்ல."

அண்ணன் போனைத் தலைமாட்டில் நீட்டிப் பிடித்தான். அம்மா மெஷினை நிறுத்தினார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அப்பா நீட்டி நிமிர்ந்து, கண்களை இறுக்கி மூடிக்கொண்டு படுத்திருந்தார். குறட்டை வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு கண்ணைத் திறந்தார்.

"வருதா?"

"முதல்ல தூங்குங்கப்பா."

மறுபடியும் மூடினார். மறுபடியும் திறந்தார். "இப்ப?" அம்மாவின் மடியில் பாதி தைத்த திரைச்சீலை அப்படியே கிடந்தது. அண்ணனுக்குக் கை வலித்தது. இந்த வீட்டில் எந்தக் காரியமும் நேராக நடக்காது.

"போதும்" என்றேன். "அம்மா, நீங்க மெஷினை ஓட்டுங்க. அண்ணா, போனை மறைச்சு வை. யாரும் அப்பாவைப் பாக்காதீங்க. எல்லாரும் அவங்கவங்க வேலையைப் பாருங்க."

மெஷின் கடகடவென்று ஓடியது. நான் தட்டுகளைக் கழுவி அடுக்கினேன். அண்ணன் உள்ளறைக்குப் போனான், வெளியே வந்தான், ஏதோ தேடுகிற மாதிரி அலமாரியை உருட்டினான். அப்பாவின் கை மெல்லச் சோபாவிலிருந்து நழுவித் தொங்கியது.

கனமாக ஓர் இழுப்பு. சின்ன இடைவெளி. மூக்கு நுனியிலிருந்து ஒரு விசில். கண்ணாடி டம்ளர்கள் அதிர்ந்தன. அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். இதுவரை அப்பா விட்டதிலேயே இதுதான் சிறந்த குறட்டை என்று எனக்கே தோன்றியது.

"எடு, எடு" என்று அண்ணனுக்குச் சைகை காட்டினேன்.

அண்ணன் போனை எடுத்தான். அழுத்தினான். திருப்பிப் பார்த்தான். இன்னொரு தடவை அழுத்தினான். பிறகு கருப்பாக இருந்த திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினான். காத்திருந்த நேரத்தில் சார்ஜ் தீர்ந்துபோயிருந்தது.

அப்பா விழித்துக்கொள்ளக் கூடாதே என்று, சத்தம் வராமல் தலையில் அடித்துக்கொண்டேன்.